என்னோட ப்ளஸ் ஒண்ணை யாரு கூட்டுனா?

ஏதாவது ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்க ஹாஸ்டல் மூணாவது மாடிப் பக்கம் நீங்க வந்திருந்தா, ரெண்டு கட்டிலை இழுத்துப் போட்டு, நடுவுல ஒரு டிராயிங் போர்டை வச்சு, ஆறு பேர் சுத்தி உட்கார்ந்து "22... 22 படுமா?" என்று கத்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சீட்டாட்டம் இல்லை. வார்டனும் முதல்ல அப்படித்தான் நினைச்சார். பணம் எதுவும் வெளிய வரலைன்னு தெரிஞ்சதும், "என்னமோ பண்ணுங்கடா, சத்தம் மட்டும் போடாதீங்க" என்று போய்விட்டார்.

அதன் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு: 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற ரெண்டு அமெரிக்கர்கள் வெளியிட்ட விளையாட்டு. ஒருத்தன் கதையை நடத்துவான், மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள்ள இறங்குவாங்க. அடிச்சா படுமா, தாவினா விழுவோமா என்பதை இருபது முகப் பகடை முடிவு பண்ணும். எங்க மேஜையில் கதை நடத்துறவன் நான். மெக்கானிக்கல்காரன் வீரன். சிவில்காரன் கிளெரிக், எங்க பாஷையில பூசாரி. இ.சி.இ. பாணன், அவன் பாடினா கூட இருக்கிறவங்களுக்குத் தைரியம் வரும். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்க ரெண்டு பேரில் ஒருத்தன் மந்திரவாதி, ஒருத்தன் திருடன். கதை நடக்கிற ஊர் கற்பனைதான். ஆனா கரிசல் மண்ணும் சீமைக் கருவேலமும் உள்ள ஊர். கோட்டையும் பனிமலையும் வர்ணிக்க எனக்கு வராது, வெயிலை வர்ணிக்க வரும்.

நான் எழுத வந்தது விளையாட்டைப் பற்றி இல்லை, அதில் வரும் ஒரு 'ப்ளஸ் ஒண்ணை'ப் பற்றி. அதனால் எங்க பூசாரி மூணு வாரம் என்கிட்ட பேசவில்லை.

கணக்கு இப்படி. வீரன் அடிக்கும்போது பகடையில் விழுந்த எண்ணோடு அவனுடைய திறமை, பலம், வாள் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு எண்ணைக் கூட்ட வேண்டும். எங்க ஏழாவது லெவல் வீரனுக்கு அது 12. வர்ற மொத்தம் எதிரியின் காப்பு எண்ணைத் தொட்டா அடி படும், ஒண்ணு குறைஞ்சாலும் படாது. இதுவரைக்கும் சுலபம். இதுக்கு மேலதான் மந்திரங்கள் வருது. பூசாரி 'பிளெஸ்' போட்டா எல்லாருக்கும் ப்ளஸ் 1. பாணன் பாடினா ப்ளஸ் 1. பூசாரி 'பிரேயர்' போட்டா இன்னொரு ப்ளஸ் 1, எதிரிகளுக்கு மைனஸ் 1. மந்திரவாதி 'ஹேஸ்ட்' போட்டா அதுக்கும் ஒண்ணு.

எல்லாத்தையும் கூட்டிர வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

நாங்க ஆடுறது 2003-ல் வந்த 3.5 பதிப்பு. புதுசு இருக்கும்போது ஏன் பழசு என்றால், சீனியர் ஒருத்தர் போகும்போது விட்டுட்டுப் போனது அதுதான். அதோட அடிப்படை விதிகள் எஸ்.ஆர்.டி. என்ற பெயரில் இணையத்தில் இலவசம். அந்தப் பதிப்பில் ஒவ்வொரு ப்ளஸுக்கும் ஒரு வகை உண்டு. பிளெஸ் தருவது 'மொரால்' வகை, நாங்க தைரியம் என்போம். பாணன் பாட்டும் தைரியமே. பிரேயர் தருவது அதிர்ஷ்டம். உடம்பு பலத்தை ஏத்துற 'புல்ஸ் ஸ்ட்ரெங்த்' மாதிரி மந்திரங்கள் தருவது மெருகு. ஒரே வகையில் ரெண்டு வந்தா பெரியது மட்டும்தான் செல்லும். வேற வேற வகை என்றால் கூட்டலாம். குடைக்குள்ள இன்னொரு குடை பிடிச்சா மழை ரெண்டு மடங்கு குறையாது. குடையோட ரெயின்கோட்டும் போட்டா பிரயோஜனம் உண்டு. நம்ம காலேஜ் பாஷையில சொல்றதா இருந்தா, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவனுக்கு டியூஷன் பீஸை அரசாங்கமே கட்டிருது. அவனே முதல் பட்டதாரியாகவும் இருந்தா அதுக்காக இன்னொரு தடவை பீஸ் குறையாது. குறைக்கிறதுக்கு அங்க பீஸே இல்லை.

விதிவிலக்கும் இருக்கு. விலகித் தப்பிக்கிற 'டாட்ஜ்' வகை ப்ளஸ்கள் ஒண்ணோட ஒண்ணு கூடும். ஹேஸ்ட் அடிக்குத் தருவதற்கு வகையே கிடையாது, அதனால அது எல்லாத்தோடும் சேரும். மைனஸ்கள் பொதுவா எல்லாமே கூடும். கெட்டது மட்டும் அடுக்கடுக்கா வரும் என்று எழுதினவருக்கு நம்ம ஊர் ஜாதகம் தெரிஞ்சிருக்கும் போல.

இந்த வகை விஷயம் எங்களுக்கு மூணு மாசம் தெரியாது. பிளெஸ்ஸையும் பாட்டையும் சேர்த்து ப்ளஸ் 2 என்றே ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒருநாள் விதியைச் சரியாகப் படித்துவிட்டு மேஜையில் பெருமையாக அறிவித்தேன்: "இனிமே ரெண்டும் சேர்ந்து ஒண்ணுதான்." எல்லாரும் முனகினார்கள். ப்ரோகிராமர் மட்டும் சந்தோஷப்பட்டான். "சிம்பிள்டா, வகைவாரியா மேக்ஸ் எடு, அப்புறம் சம் போடு" என்று அன்னைக்கு ராத்திரியே ஒரு ஷீட் போட்டுக் கொடுத்தான். வகை, எவ்வளவு, எத்தனை ரவுண்டு என்று மூணு பத்தி. டிக் அடிச்சா மொத்தம் தானாக வரும். ரொம்ப நல்லா இருந்தது. ஹாஸ்டல் வைஃபை 11 மணிக்குப் போறவரைக்கும்.

வைஃபை மேல மட்டும் பழி போட்டா அது நியாயம் இல்லை. ஆப்லைனிலும் அந்த ஷீட் என் போனில்தான் இருந்தது, டிக் அடிக்க வேண்டியவனும் நான்தான். ஒரு பக்கம் எதிரிகள் அஞ்சு பேர் எங்க நிக்கிறாங்கன்னு பார்க்கணும், ஒரு பக்கம் திருடன் விதண்டாவாதம் பண்ணுவான், இன்னொரு பக்கம் கதை சொல்லணும். இதுக்கு நடுவுல யாரோ "நான் பிரேயர் போடுறேன்" என்று சொன்னால், "சரி, சரி, அடுத்து யாரு?" என்றுதான் வாயில் வரும்.

விதியைத் திருத்தின அடுத்த சனிக்கிழமை அப்படித்தான் வந்தது. கண்மாய்க் கரையில் ஒரு முனியோடு சண்டை. நானே உருவாக்கின முனி, காப்பு எண் 23. வீரன் உயிர் போற நிலைமையில் நிக்கிறான். கடைசி அடி. பகடையில் 9. ஒன்பதும் பன்னிரண்டும் 21, தைரியம் ஒண்ணு, 22. "படல" என்றேன். அடுத்தது முனியின் முறை. வீரன் செத்தான்.

பூசாரி ஏதோ சொல்ல வாயெடுத்தான். மேஜையில் ஒரே கூச்சல், நான் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் தன் தாளை மடிச்சு பையில வச்சுட்டு எழுந்து போனான். தூக்கம் வந்திருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் ஞாயிறு. விருதுநகரில் சிவகாசி பஸ் ஏறி, திருத்தங்கலில் இருக்கும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆமத்தூர் தாண்டும்போது முந்தின நாள் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். மூணாவது ரவுண்டில் என் கையெழுத்திலேயே இருந்தது: 'பூசாரி, பிரேயர்.' பிரேயர் லெவலுக்கு ஒரு ரவுண்டு நிக்கும். ஏழாவது லெவல், ஏழு ரவுண்டு. வீரன் செத்தது அஞ்சாவது ரவுண்டு. மந்திரம் அப்போ உயிரோடுதான் இருந்தது, வீரன்தான் இல்லை. 22 இல்லை, 23. அடி பட்டிருக்கணும். அது மட்டும் இல்லை, முனியின் அடியிலும் ஒண்ணு குறைச்சிருக்கணும். அது எத்தனையில் பட்டது என்று எழுதி வைக்கவில்லை, இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

பஸ்ஸிலிருந்தே மெக்கானிக்கலுக்கு போன் போட்டேன். "மாப்ள, உன் ஆளு சாகலடா. என் தப்பு. அடுத்த வாரம் திருப்பி எடுத்துக்கலாம்" என்றேன். அவன் சிரித்தான். "விடு மாப்ள, செத்தது செத்ததுதான். நான் புதுசா ஒரு வேட்டைக்காரன் போட்டாச்சு. எனக்கே அந்த வீரன் போரடிச்சிருச்சு."

செத்தவனுக்கு வருத்தம் இல்லை. சிவிலுக்கு போன் போட்டா எடுக்கவில்லை. மெசேஜ் மட்டும் வந்தது: "மூணு மாசமா நான் போட்ட ப்ளஸ் ஒண்ணை யாரு கூட்டுனா?"

யோசிச்சுப் பார்த்தேன். பூசாரியாக ஆடுறவன் தன் முறை வரும்போது அடிக்கிறதில்லை. அடிக்கிற வாய்ப்பை விட்டுட்டு மத்தவங்களுக்கு ப்ளஸ் ஒண்ணு கொடுக்கிறான். அவனுக்கு மேஜையில் வேற எதுவும் கிடைக்காது. "அடிச்சேன், 17 டேமேஜ்" என்று கத்த முடியாது. அவன் கொடுத்ததை நாங்க கூட்டலைன்னா, அந்த ராத்திரி முழுக்க அவன் சும்மா உட்கார்ந்திருந்தான் என்று அர்த்தம். ப்ரோகிராமரின் ஷீட்டில் மூணு பத்தி இருந்தது என்றேன் அல்லவா? 'யார் கொடுத்தது' என்று ஒரு பத்தி அதில் இல்லை.

வீட்டில் அம்மாச்சி திண்ணையில் உட்கார்ந்து வெத்தலை இடிச்சுக்கிட்டிருந்தது. பக்கத்தில் அந்தப் பழைய பவுடர் டப்பா. எங்க பக்கத்து ஆட்களுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூர் ஆட்களுக்காக: 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க, அடுத்த வருஷம் தொழில் ஆரம்பிச்சது, அதுலேருந்து பட்டாசு, லேபிள், அச்சாபீஸ் என்று ஊரே மாறினது. அம்மாச்சி வீட்டில் பெட்டி ஒட்டும். ஏஜென்ட் வந்து அட்டையும் தாளும் கொடுத்துட்டுப் போவார், ஒட்டின பெட்டியை குரோஸ் கணக்கில் எடுத்துக்கிட்டு நோட்டில் எழுதுவார். ஒரு குரோஸ் 144 பெட்டி. அம்மாச்சிக்கு எழுதத் தெரியாது. ஒரு குரோஸ் கட்டி ஓரமா வச்ச உடனே ஒரு புளியங்கொட்டையை அந்த டப்பாவில் போடும். சனிக்கிழமை அவர் நோட்டை வாசிப்பார், இது டப்பாவைத் தரையில் கொட்டும்.

சின்ன வயசில் நானே பார்த்திருக்கேன். ஒரு தடவை நோட்டில் ஒண்ணு குறைஞ்சது. அம்மாச்சி கொட்டைகளைப் பத்துப் பத்தாகப் பிரிச்சு வச்சு, "இதுல எது பொய்க்கொட்டைன்னு சொல்லு" என்றது. அவர் பேசாம எழுதிக்கொடுத்தார்.

என் கதையைச் சொன்னேன். முனி, பூசாரி என்றெல்லாம் சொன்னதில் கோவில் விஷயம் என்று நினைத்துக் கொஞ்சம் குழம்பிருச்சு. அப்புறம் கேட்டது ஒரே கேள்வி: "கொட்டையை யாரு போட்டா?"

"நான்தான் போடணும். எல்லாருக்கும் சேர்த்து."

"நீ ஏஜென்ட்டு. ஏஜென்ட்டு எப்படிப்பா கொட்டை போடுவான்? ஒட்டுறவல்ல போடணும். கட்டி வச்ச கையோட போடணும், அப்புறம் போடலாம்னா மறந்துரும்."

எனக்கு அதோட கணக்கில் ஒரு சந்தேகம் ரொம்ப நாளா இருந்தது, அன்னைக்குக் கேட்டுட்டேன். நோட்டில் எப்பவாவது ஒண்ணு கூட வந்திருக்கா? வந்திருக்கு என்றது. அப்ப சொன்னியா? வெத்தலையை வாயில் அடக்கிக்கிட்டு அம்மாச்சி சிரித்தது. "அவன் எத்தனை வாட்டி விட்டிருப்பான், போ."

அங்கதான் எனக்கு எங்க மூணு மாசமும் உறைத்தது. பிளெஸ், பாட்டு ரெண்டையும் கூட்டி நாங்க தப்பா ஒண்ணு கூட வாங்கினோமே, அதை ஒருத்தனும் கண்டுபிடிக்கல. கூட வர்றது யார் கண்ணிலும் படாது.

திரும்பி வரும்போது ஒரு பை நிறைய அட்டை கொண்டுவந்தேன். ஆடிப் பதினெட்டுக்குப் புது வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாகும், அதிலிருந்து சிவகாசி அச்சாபீஸ்களில் ஓட்டம்தான். கலர் சரியாக விழாத வேஸ்ட் தாள் எங்க தெருவில் யார் வீட்டிலும் கிடைக்கும். ஒரு பக்கம் பாதி முகத்தோட முருகன், பின்பக்கம் வெள்ளை. இதைச் சீட்டு அளவுக்கு வெட்டினேன். ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் வகைக்கு ஒரு கலர்: தைரியம் மஞ்சள், அதிர்ஷ்டம் பச்சை, மெருகு சிவப்பு. காப்பில் கூட்டுற மந்திரங்களுக்கு நீலம், அதில் எந்த வகை என்று எழுத்தில் இருக்கும். சீட்டில் மந்திரத்தின் பெயர், எவ்வளவு, எதில் கூட்டணும். மேலே பெரிய எழுத்தில் கொடுக்கிறவன் பெயர்.

முக்கியமான மாற்றம், சீட்டு என் கையில் இருக்காது. 3.5-ல் பூசாரி காலையிலேயே அன்னைக்கு எந்தெந்த மந்திரம் என்று தயார் பண்ணிவிட வேண்டும். அதனால் தயார் பண்ணினதுக்கெல்லாம் சீட்டு அவன் கையில். போட்ட உடனே அவனே மேஜையில் வைப்பான். எல்லாருக்கும் என்றால் நடுவில், ஒருத்தனுக்கு மட்டும் என்றால் அவன் முன்னால். ஒரே கலரில் ரெண்டு சீட்டு கிடந்தா பெரியதை மேலே வச்சு மத்ததை அடியில் சொருகணும். சொருகணுமே தவிர எடுக்கக் கூடாது, ஏன்னா மேலே இருப்பது முடிஞ்சா அடியில் இருப்பது செல்லும்.

ரவுண்டு எண்ண, குச்சி. பிரேயர் சீட்டின் மேல் ஒரு காலித் தீப்பெட்டி, உள்ளே ஏழு குச்சி. பூசாரியின் முறை வரும்போதெல்லாம் ஒண்ணை எடுப்பான். பெட்டி காலியானா சீட்டைத் திருப்பிக்கணும். எல்லா மந்திரத்துக்கும் இது வேண்டாம். பிளெஸ் லெவலுக்கு ஒரு நிமிஷம். ரவுண்டு ஆறு விநாடி என்பதால் ஏழாவது லெவலில் 70 ரவுண்டு. அவ்வளவு நேரம் எந்தச் சண்டையும் ஓடாது. அதுக்குக் குச்சி அடுக்கினா நாங்க தீப்பெட்டி ஆபீஸ்தான் நடத்தணும். (மருந்து முக்காத வெறுங்குச்சிதான் பயன்படுத்துறோம். முதல் வாரம் நிஜத் தீப்பெட்டியே வச்சிருந்து, பதினோரு தீப்பெட்டியோட வார்டன்கிட்ட மாட்டினோம். சிகரெட் பிடிக்காத ஆறு பேர், பதினோரு தீப்பெட்டி. நீங்களே யோசிங்க, என்ன சொல்லியிருப்போம்னு.)

இதுல எதிர்பாராத ஒரு லாபம், 'டிஸ்பெல் மேஜிக்'. எதிரி மந்திரவாதி ஒருத்தன் மேல குறி வச்சு அதைப் போட்டா, அவன் மேல இருக்கிற ஒவ்வொரு மந்திரத்துக்கும் தனித்தனியாகப் பகடை போட்டு எது போச்சு, எது தப்பிச்சது என்று பார்க்கணும். முன்னால இது வந்தாலே அரை மணி நேரம் சண்டை நடக்கும், கதையில் இல்ல, மேஜையில். இப்ப அவன் முன்னால கிடக்கிற சீட்டை வரிசையா எடுத்துப் பகடை போட்டா முடிஞ்சது.

புதுப் பதிப்புகளில் இந்தத் தலைவலி குறைவு என்று சொல்வார்கள். உண்மைதான். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் 'கான்சன்ட்ரேஷன்' என்று ஒரு விதி வச்சுட்டாங்க, அந்த மாதிரி மந்திரத்தில் ஒரு நேரத்தில் ஒண்ணைத்தான் ஒருத்தன் பிடிச்சு வைக்க முடியும். 2019-ல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு வகைகளை மூணாகச் சுருக்கிருச்சு. ஆனா பக்கத்து ஹாஸ்டலில் ஐந்தாம் பதிப்பு ஆடுற ஒரு கூட்டம் இருக்கு, நான் போய் உட்கார்ந்து பார்த்தேன். அங்க பிளெஸ் ஒரு நாலு முகப் பகடை தருது. அதை உருட்ட மறந்துட்டு அடுத்தவன் முறைக்குப் போய்ட்டாங்க. அங்கேயும் பூசாரி முகத்தைப் பார்த்தேன், எங்க ஆள் முகம் மாதிரியே இருந்தது.

ஒரு ப்ளஸ் ஒண்ணு அவ்வளவு பெரிசா என்று கேட்கலாம். இருபது முகத்தில் ஒரு முகம், 5 சதவீதம். ஒரு சண்டையில் எங்க பக்கம் இருபது அடி போட்டா, அதில் குறைஞ்சது ஒண்ணாவது அந்த ப்ளஸ் ஒண்ணால மட்டும் படுறதுக்கு வாய்ப்பு சுமார் 64 சதவீதம். ஒண்ணிலிருந்து 0.95-இன் இருபதாம் அடுக்கைக் கழிச்சுப் பாருங்க. எந்த அடி என்றுதான் யாருக்கும் தெரியாது. அதனால இன்னொண்ணும் சேர்த்தோம். யாராவது சரியாகக் காப்பு எண்ணைத் தொட்டு அடிச்சா, நான் மொத்தத்தைச் சொல்லி நிறுத்திவிடுவேன். கொடுத்தவன் தன் சீட்டைத் தட்டி "இது என்னுது" என்பான்.

இதெல்லாம் தயார் பண்ணி வச்சும் சிவில் வரவில்லை. முதல் சனிக்கிழமை அவன் இல்லாமலே ஆடினோம். ரெண்டாவது வாரமும் அப்படித்தான். மூணாவது வாரம் எண்ணெய் புரோட்டா பார்சலோட அவன் ரூமுக்குப் போனேன். சமாதானப் பேச்சு எனக்கு வராது. அவன் பெயர் போட்ட சீட்டுக் கட்டைக் கட்டிலில் வச்சேன். ஒவ்வொண்ணாகப் புரட்டிப் பார்த்தான். "பிளெஸ்ல பயத்துக்கு எதிரான சேவிங் த்ரோவையும் எழுதணும்டா, அதை விட்டுட்ட" என்றான். பேனாவை அவனே எடுத்துத் திருத்தினான். புரோட்டாவையும் அவனே பாதிக்கு மேல் சாப்பிட்டான்.

அன்னைக்கு ராத்திரி சண்டையில் அவன் மூணு தடவை சீட்டைத் தட்டினான். மூணாவது தடவை தட்டினது மெக்கானிக்கலின் புது வேட்டைக்காரனுக்காக. "அந்த ஒண்ணுக்கு ஒரு ஸ்பெல் வேஸ்ட் பண்றான்" என்று மூணு மாசமா கிண்டல் பண்ணினவன் அவன்தான். இந்தத் தடவை எதுவும் பேசவில்லை, குச்சி விழுந்த பெட்டியை எடுத்து நேராக வச்சான்.

அடுத்த செமஸ்டரில் பாணன் இன்டர்ன்ஷிப் போறான், ஒரு இடம் காலி. ஆட விருப்பம் இருக்கிறவங்க சனிக்கிழமை மெஸ் முடிஞ்சதும் மூணாவது மாடிக்கு வாங்க. விதி எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டாம். முடிஞ்சா ஒரு நல்ல கத்தரிக்கோல் கொண்டு வாங்க, எங்களது மொக்கையாயிருச்சு.